சட்டியை நினைத்துச் சன்னம் வாங்குங்கள்

ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குப் போகும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்



நவம்பர் மான் பருவம் நெருங்குகிறது. பாரி சவுண்ட் பக்கமும் ஹாலிபேர்ட்டன் பக்கமும் காடேற நம்மவர்களும் ஆயத்தமாகிறார்கள். வகுப்பு முடித்து, உரிமம் எடுத்து, செம்மஞ்சள் அங்கியும் தொப்பியும் வாங்கியாயிற்று. துவக்கைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் விடிய விடியக் கதைப்போம். அதில் பூட்டும் தொலைநோக்கிக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழிப்போம். சன்னம் என்று வரும்போது மட்டும், கடைக்காரர் எடுத்து நீட்டிய பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். யோசித்துப் பாருங்கள்: இத்தனை பொருட்களில் மானின் உடலைத் தொடுவது அந்தச் சன்னம் ஒன்றுதான். மற்றதெல்லாம் நம் கையோடு நின்றுவிடுகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். சன்னத்தைத் தெரிவு செய்யும்போதே இறைச்சியையும் நினையுங்கள். மானை விரைவாக, அதிகம் வதைக்காமல் வீழ்த்துவது முதற்கடமை. அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. அந்தக் கடமையைச் சரியாகச் செய்யும் சன்னங்களுக்குள்ளேயே இறைச்சியை நாசமாக்காதவையும், ஈயத்தைத் தூவாதவையும் இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுங்கள்.

இறைச்சி வெட்டும் மேசைக்கு ஒருமுறை வாருங்கள். அதிவேக மேக்னம் துவக்கால், ஐம்பது மீற்றர் தூரத்தில், தோள் எலும்பில் வெடி வாங்கிய மான் ஒன்று தொங்குகிறது என்று வையுங்கள். சன்னம் புகுந்த துளை சின்னிவிரல் நுனி அளவுதான் இருக்கும். தோலைக் கீழே இழுக்க இழுக்கத்தான் உண்மை தெரியும். முன்சப்பை முழுவதும் கறுஞ்சிவப்பாகக் கிடக்கும். ஒரு தசைக்கும் அடுத்த தசைக்கும் நடுவே இருக்கிற மெல்லிய சவ்வை விரலால் பிரித்தால், உறைந்த இரத்தம் களி களியாக வரும். கத்தியை வைத்தால் எலும்புச் சில்லுகள் கரகரக்கும். கொத்தாக மயிர் உள்ளே இழுபட்டிருக்கும். சன்னம் வெளியேறிய பக்கம் இன்னும் மோசம். கழுத்தடி வரைக்கும் இரத்தம் பரவியிருக்கும். வயிறு நீக்கியபின் 60 கிலோ நிற்கும் மானில், எலும்பு கழித்தால் கிடைக்கும் நல்ல இறைச்சி ஏறத்தாழ 30 கிலோ. இரண்டு முன்சப்பைகளும் இப்படிப் போனால் நாலைந்து கிலோ குப்பைக்குத்தான்.

இது எப்படி நடக்கிறது? சன்னம் தன் பருமனுக்கு ஒரு துளையை மட்டும் போட்டுக்கொண்டு போவதில்லை. வேகமாகப் புகும்போது சுற்றியுள்ள தசையை ஒரு கணம் பலூன் போல விரித்துத் தள்ளுகிறது. தசை திரும்பவும் ஒடுங்கிவிடும்; ஆனால் அந்த ஒரு கணத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அறுந்து, இரத்தம் தசைப் படைகளுக்குள் பீச்சப்படுகிறது. சன்னம் உள்ளே உடைந்து சிதறினால் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே கிழிக்கிறது. ஏற்கெனவே கிழிபட்ட தசை அந்த விரிவைத் தாங்காமல் பிய்ந்துபோகிறது. எலும்பில் பட்டால் எலும்புத் துண்டுகளும் சேர்ந்து பறக்கின்றன. ஆகவே இறைச்சி நாசமாவதற்குக் காரணம் மூன்று: தாக்கும்போது உள்ள வேகம், சன்னம் உடைகிற விதம், படுகிற இடம். மூன்றையும் தீர்மானிக்கிறவர் வேட்டைக்காரர்தான்.

முதலில் வேகம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஒரே எடையுள்ள சன்னத்தின் வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரண்டேகால் மடங்காகிவிடும். கனடாக் காடுகளில் பரம்பரையாகப் புழங்கும் 30-30 வின்செஸ்டர், 170 கிரெய்ன் எடையுள்ள சன்னத்தை நொடிக்கு ஏறத்தாழ 2200 அடி வேகத்தில் அனுப்புகிறது. பழைய லீ-என்ஃபீல்டின் 303 பிரிட்டிஷ், 180 கிரெய்ன் சன்னத்தை ஏறத்தாழ 2460 அடியில் அனுப்புகிறது. 308 வின்செஸ்டரில் 150 கிரெய்ன் ஏறத்தாழ 2820 அடி. 300 வின்செஸ்டர் மேக்னத்தில் அதே 150 கிரெய்ன் ஏறத்தாழ 3300 அடி. இவை குழல் வாயில் உள்ள வேகங்கள். மேக்னங்கள் திறந்த வெளியில் தூரத்து விலங்குக்காகப் பிறந்தவை. 300 மீற்றர் போகும்போது வேகம் தணிந்து சாதுவாகிவிடும். நாம் நிற்பதோ கேதுரு மரங்களும் மேப்பிளும் அடர்ந்த காட்டில். இங்கே பெரும்பாலான மான்கள் 100 மீற்றருக்குள்தான் கண்ணில் படும். அந்தத் தூரத்தில் மேக்னம் சன்னம் தன் முழு மூர்க்கத்தோடு இறங்கும். தூரத்துக்காகச் செய்த வேகத்தைக் கிட்டத்தில் கொட்டுவதால் மான் கூடுதலாகச் சாகப் போவதில்லை. இறைச்சிதான் கூடுதலாகப் போகும்.

மெதுவான, பாரமான சன்னம் பட்ட மானைப் பற்றி இங்குள்ள பழைய வேட்டைக்காரர்கள், துளையின் விளிம்பு வரைக்கும் வெட்டிச் சாப்பிடலாம் என்பார்கள். அதில் கொஞ்சம் மிகை உண்டு. ஆனால் அடிப்படை சரி. மேக்னம்தான் கையில் இருக்கிறது என்றால் துவக்கை மாற்றத் தேவையில்லை. அதே துவக்குக்குப் பாரம் கூடிய, கட்டுறுதியான சன்னம் எடுங்கள். 300 மேக்னத்தில் 150 கிரெய்னுக்குப் பதில் 180 எடுத்தால் வேகம் ஏறத்தாழ 2960 அடிக்கு இறங்கிவிடும்.

இரண்டாவது, சன்னத்தின் கட்டமைப்பு. முழுக்கச் செப்பு உறை மூடிய இராணுவச் சன்னம் விரியாது, அதனால் இறைச்சி மிஞ்சும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். அது ஊசி போலத் துளைத்துப் போய்விடும். மான் ஓடி, எங்கோ ஒரு பற்றைக்குள் மணிக்கணக்கில் கிடந்து சாகும். வட அமெரிக்காவில் பல இடங்களில் பெரிய விலங்கு வேட்டைக்கு அது சட்டப்படியே தடை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதச்சாலையில், இதே 303 துவக்குக்காக, நுனி விரியும் சன்னத்தை ஆங்கிலேயர் 1890களில் செய்தார்கள். மனிதரை அளவுக்கு மீறி வதைக்கிறது என்று 1899இல் ஹேக் மாநாடு விரியும் சன்னத்தைப் போரில் தடை செய்தது. வேட்டையில் நியாயம் நேரெதிர். விரிகிற சன்னம்தான் மானின் சாவைச் சுருக்குகிறது. விரிய வேண்டும், ஆனால் உடைந்து சிதறக் கூடாது. தெரிவு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவேதான் இருக்கிறது.

கடையில் கிடைப்பவற்றை நான்கு கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதலாவது, செப்பு உறைக்குள் ஈயம் வைத்த சாதாரண மென்நுனிச் சன்னம். ரெமிங்டன் நிறுவனம் 1939இலிருந்து விற்கும் கோர்-லொக்ட் இந்த இனம். விலை மலிவு. 30-30, 303, 308 போன்றவற்றின் நிதான வேகத்தில் நன்றாக வேலை செய்யும். வேகம் கூடினால், எலும்பில் பட்டால், எடையில் மூன்றிலொரு பங்கையோ பாதியையோ சில்லுகளாகச் சிந்திவிடும்.

இரண்டாவது, சீக்கிரம் உடைவதற்கென்றே மெல்லிய உறையோடு செய்தவை. தூர இலக்குச் சன்னங்களின் வழிவந்த சில வேட்டைச் சன்னங்கள் சில அங்குலம் உள்ளே போனதும் எடையில் பெரும்பங்கைச் சிதறிவிடும். நுரையீரலில் பட்டால் மான் சட்டென்று விழும் என்பது உண்மை. முன்சப்பையில் பட்டால் நான் மேலே சொன்ன மேசைதான்.

மூன்றாவது, உடையாமல் கட்டியவை. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போன ஜோன் நொஸ்லர், தன் வேகச் சன்னங்கள் அந்தப் பெரிய விலங்கின் உடலின் மேற்புறத்திலேயே உடைந்து போவதைக் கண்டார். சன்னத்தின் நடுவே செப்புச் சுவர் ஒன்றை வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி முழுதாக ஊடுருவும்படி பார்ட்டிஷன் என்ற சன்னத்தை உருவாக்கி 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னால் வந்தவர்கள் ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டினார்கள். ஒட்டிய சன்னங்கள் பொதுவாக எண்பது, தொண்ணூறு வீத எடையைக் காப்பாற்றும்.

நான்காவது, முழுச் செப்புச் சன்னம். பார்ன்ஸ் நிறுவனம் 1989இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று எல்லாப் பெரிய நிறுவனங்களும் செய்கின்றன. நுனியில் ஒரு குழி. தாக்கியதும் அது நான்கு இதழாக விரியும். மானின் மறுபக்கத் தோலடியில் எப்போதாவது ஒன்று தங்கிக் கிடைக்கும். அதை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நான்கு இதழும் பின்னோக்கி மடங்கி, அடிப்பாகம் புதுசு போலவே இருக்கும். தராசில் போட்டால் பெட்டியில் எழுதிய எடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இராது. இறைச்சிக்குள் எதையும் விட்டுவிட்டு வரவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சாட்சி எதற்கு என்றால், இனி வருவதுதான் இந்த மடலின் முக்கியமான பகுதி. இரத்தம் கட்டிய இறைச்சி கண்ணுக்குத் தெரியும், வெட்டி எறியலாம். ஈயத்தூள் கண்ணுக்குத் தெரியாது.

2008இல் வடக்கு டகோட்டாவில், வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்கென்று உணவு வங்கிகளுக்குத் தானமாகக் கொடுத்த அரைத்த மான் இறைச்சிப் பொதிகளை வில்லியம் கார்னட்சர் என்ற மருத்துவர் எக்ஸ்-கதிரில் பார்த்தார். பாதிக்கும் மேற்பட்ட பொதிகளில் உலோகத் துணுக்குகள் இருந்தன. அந்த இறைச்சியை விநியோகிக்க வேண்டாம் என்று மாநில அதிகாரிகள் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், ஈயச் சன்னத்தால் வெடி வைத்த 30 மான்களை வழக்கமான இறைச்சி வெட்டுமிடங்களில் கொடுத்துப் பொதி செய்வித்துப் பார்த்தார்கள். 30 மான்களின் உடலிலும் துணுக்குகள் இருந்தன. சராசரியாக ஒரு மானில் 136. அரைத்த இறைச்சியின் 234 பொதிகளில் 32 வீதத்தில் துணுக்குகள் கிடைத்தன. அந்த இறைச்சியைத் தின்ற பன்றிகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை 2008இல் செய்த சோதனையில் துணுக்குகள் காயத்திலிருந்து 18 அங்குலம் வரை போயிருந்தன. தண்ணீர் விட்டுக் கழுவியபோது காயத்தைச் சுற்றியிருந்த ஈயம் குறைந்தது. ஆனால் உடலின் மற்ற இடங்களுக்குப் பரவியது.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அதே 2008இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வடக்கு டகோட்டாவில் 738 பேரின் இரத்தத்தைச் சோதித்தது. அன்று கவலைக்குரியதாக வைத்திருந்த டெசிலீற்றருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவை ஒருவரும் தாண்டவில்லை. ஆனால் வேட்டை இறைச்சி உண்பவர்களிடம் ஈயம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. எத்தனை காலமாகச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கும் பெரியவர்களுக்கு என் மறுமொழி: உங்களுக்கு ஆகாமல் இருக்கலாம். ஈயத்தின் கொடுமை வளரும் மூளையில்தான். இந்த அளவு வரை பாதுகாப்பு என்று ஓர் எல்லை இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சிறு பிள்ளைகளும் வயிற்றில் பிள்ளை சுமக்கும் பெண்களும் சாப்பிடும் வீட்டில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

நம்முடைய சமையலையும் கணக்கில் எடுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள துண்டு துணுக்குகள் எல்லாம் அரைத்த இறைச்சிக்குத்தான் போகும். அரைக்கும் எந்திரம் ஒரு துணுக்கைப் பத்தாக்கிப் பரப்பும். அந்த இறைச்சிதான் நம் வீடுகளில் கட்லெட்டும் ரோல்ஸுமாகி, பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளின் தட்டுக்குப் போகிறது. மீதியைக் குழம்பு வைத்து, தேசிக்காய்ப் புளி விட்டு இறக்குகிறோம். சிலர் முதல்நாளே வினாகிரியில் ஊறவைக்கிறார்கள். புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். ஈயத்துணுக்கு உள்ள காடை இறைச்சியை வினாகிரி சேர்த்துச் சமைத்துப் பார்த்த ஸ்பானிய ஆய்வாளர்கள், உடல் உறிஞ்சக்கூடிய ஈயம் அதனால் கூடுவதைக் கண்டார்கள். உப்பும் மிளகும் போட்டு வாட்டிச் சாப்பிடும் வீட்டைவிட நம் வீட்டுச் சட்டியில் இது பெரிய விஷயம்.

ஊரில் ஞாயிற்றுக்கிழமை பங்கு ஆடு அடித்து, தொடையிலும் விலாவிலும் ஈரலிலும் எல்லோருக்கும் கொஞ்சம் வருமாறு பிரித்துக் கொடுத்த பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. காட்டு இறைச்சியை விற்க இங்கு சட்டம் இடம் தராது. நாமும் விற்பதில்லை, பகிர்கிறோம். பக்கத்து வீட்டுக்கும், புதிதாகக் கல்யாணம் முடித்த மருமகள் வீட்டுக்கும் பொதி போகிறது. கொடுப்பவர் மேல் உள்ள நம்பிக்கையில் அவர்கள் சமைக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

காட்டுக்கும் கடன்பட்டிருக்கிறோம். நாம் காட்டில் விட்டு வரும் குடலைத் தின்ன வெண்தலைக் கழுகும் காகமும் வருகின்றன. கலிபோர்னியாவில் கொண்டோர் என்னும் பெருங்கழுகு இனம் 1982இல் 22 பறவைகளாகச் சுருங்கியது. அவை மீண்டு வருவதற்குப் பெருந்தடையாக நின்றது வேட்டைச் சன்னத்து ஈயம். அந்த மாநிலம் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடை செய்துவிட்டது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைஃபிள் சன்னத்திலும் ஈயத்தை விலக்கியது. அங்கெல்லாம் வேட்டை நின்றுவிடவில்லை.

செப்புக்கும் சில நிபந்தனைகள் உண்டு. ஈயத்தைவிட அது அடர்த்தி குறைந்தது. அதனால் அதே எடையில் நீளம் கூடும். ஈயத்தில் 165 கிரெய்ன் பாவித்தவர்கள் செப்பில் 150 எடுத்தால் போதும். உடையாததால் ஊடுருவல் குறையாது. விரிவதற்கு வேகம் வேண்டும். பல செப்புச் சன்னங்களுக்குத் தாக்கும் வேகம் 1800 முதல் 2000 அடிக்குக் கீழே போகக் கூடாது. நம் காட்டுத் தூரங்களில் 308க்கு அது பிரச்சினையே இல்லை. 30-30 போன்ற மெதுவான துவக்குக்கு அதற்கென்றே செய்த செப்புச் சன்னத்தை எடுங்கள். விலை கூட என்பதும் உண்மைதான். ஆனால் குறி சரிபார்த்த பிறகு ஒரு பருவத்தில் மானுக்காகச் செலவாவது ஓரிரண்டு சன்னம். குப்பைக்குப் போகும் நாலு கிலோ இறைச்சியோடு அந்த விலை வித்தியாசத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறைச்சி நாசமாவதற்கான மூன்றாவது காரணம், படுகிற இடம். எந்தச் சன்னமானாலும் இறைச்சியைக் காப்பது இடம்தான். மான் பக்கவாட்டில் நிற்கட்டும். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றிலொரு பங்கில் வையுங்கள். அங்கே இருப்பது விலா. சதை மெல்லிது, உள்ளே நுரையீரலும் இதயமும். மான் ஐம்பது, நூறு மீற்றர் ஓடி விழும். இரத்தத் தடம் பிடித்துப் போகலாம். தோளை உடைத்தால் நின்ற இடத்திலேயே விழும் என்பதற்காக இரண்டு சப்பைகளைப் பலி கொடுக்காதீர்கள். தலைக்கும் கழுத்துக்கும் ஆசைப்படாதீர்கள்; இலக்கு சிறிது, நொடிக்கு நொடி அசைவது; தவறினால் தாடை உடைந்த மான் பட்டினி கிடந்து சாகும். பின்புறம் காட்டி ஓடும் மானுக்கு வெடி வைக்கவே வேண்டாம். தொடையும் போகும், இரைப்பை உடைந்து மற்றதும் நாறிப்போகும். காயத்தோடு வெகுநேரம் ஓடித் திணறிய விலங்கின் இறைச்சி கறுத்து இறுகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். மானுக்கு நல்ல சாவுதான் சட்டிக்கும் நல்லது.

ஆகவே இந்தப் பருவத்துக்கு உங்களிடம் நான் கேட்பது இவை.

பெட்டியில் வேகத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எடையையும் கட்டமைப்பையும் கேட்டு வாங்குங்கள். முடிந்தவர்கள் செப்புக்கு மாறுங்கள். முடியாதவர்கள் ஒட்டிய சன்னமோ, நிதான வேகத்தில் பாரமான மென்நுனிச் சன்னமோ எடுங்கள்.

சன்னம் மாறினால் குறியும் மாறும். இரண்டு மூன்று வகையை உங்கள் துவக்கிலேயே சுட்டுப் பார்த்து, எது ஒரே இடத்தில் விழுகிறதோ அதற்குக் குறியைச் சரிசெய்தபின் காட்டுக்குப் போங்கள்.

ஈயச் சன்னத்தால் விழுந்த மானை வெட்டும்போது காயத்தைச் சுற்றித் தாராளமாகக் கழியுங்கள். கழுவிச் சரிக்கட்டலாம் என்று நினைக்காதீர்கள். காயத்துக்கு அருகில் உள்ளதை அரைக்கவே அரைக்காதீர்கள். வெட்டக் கொடுக்கும் கடையில், உங்கள் மானை மற்றவர்களின் இறைச்சியோடு கலந்து அரைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈயச் சன்னத்தால் விழுந்த மானின் இறைச்சியைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள்.

உண்ணத்தகுந்த வேட்டை இறைச்சியைப் பழுதாக விடுவது ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கேட்பது அவ்வளவுதான். ஓர் உயிரை எடுத்து உண்கிறவர்கள் அதைவிடக் கூடுதலாகச் செய்ய வேண்டும். இம்முறை கடைக்குப் போகும்போது துவக்கைப் பற்றிக் கேட்கிற அதே அக்கறையோடு சன்னத்தைப் பற்றியும் கேளுங்கள். புதிதாக உரிமம் எடுத்த தம்பி தங்கைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு காடேறும் ஒருவன்